குறைய வேண்டியது எடையல்ல, கொழுப்பு

தில்லி லோதி தோட்டத்தில் பொழுது விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அரசு அதிகாரிகள், ஓய்வுபெற்றவர்கள், குடும்பத் தலைவிகள் என்று பலரும் பழைய கல்லறை மண்டபங்களைச் சுற்றி வேகநடை போடுகிறார்கள். வருடக்கணக்காக நடப்பவர்கள் இவர்களில் அநேகம். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது. ஆனால் பலருக்குத் தொப்பை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்து அவர்கள் கை வைப்பது சாப்பாட்டில். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு பழமும் மோருமாக இரண்டு மாதம் ஓட்டினால் 5 கிலோ குறைகிறது. கூடவே கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்து, படியேறினால் கால் நடுங்குகிறது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் குறைந்த எடை அப்படியே வந்து சேர்கிறது. 'நம் உடம்பு வாகு அப்படி' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

உடம்பு வாகு உண்மைதான். ஆனால் தவறு வேறிடத்தில் இருக்கிறது. எடை இயந்திரம் குறைந்தது எத்தனை கிலோ என்றுதான் சொல்லும். குறைந்தது எது என்று சொல்லாது. சாப்பாட்டை மட்டும் வெட்டி எடையைக் குறைத்தால் போவதில் சுமார் கால் பங்கு கொழுப்பல்ல. அதில் தசையும் அடக்கம். திரும்பி வருவதோ பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. இப்படி இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால், எடை இயந்திரத்தில் பழைய எண்ணே தெரிந்தாலும் உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கும்.

இந்தியர்களுக்கு இது கூடுதல் கவலை. புனேயின் டாக்டர் சி.எஸ். யாக்னிக்கும் லண்டனின் டாக்டர் ஜான் யுட்கினும் 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவு: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்த வாகை உத்தேசித்துத்தான் 2009ல் இந்திய மருத்துவ நிபுணர்கள் கூடி நமக்கென்று தனி வரம்பு வகுத்தார்கள். பி.எம்.ஐ. 23ஐத் தொட்டாலே அதிக எடை. 25ஐத் தொட்டால் பருமன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 68 கிலோவிலேயே பருமன் வந்துவிடுகிறது.

தில்லியில் ஒரு சோதனை

சரி, தசையைக் காப்பாற்றிக்கொண்டு கொழுப்பைக் குறைப்பது எப்படி? எடைப் பயிற்சிதான் வழி. இது பயில்வான்களுக்கும் சினிமா ஹீரோக்களுக்கும் ஆனது என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இதை மாற்றக்கூடிய ஒரு ஆய்வு தில்லியிலேயே நடந்தது. டாக்டர் அனூப் மிஸ்ராவும் அவருடைய சகாக்களும் சர்க்கரை நோயாளிகள் 30 பேருக்கு 12 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எடையைப் படிப்படியாகக் கூட்டினார்கள், பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். முடிவு 2008ல் 'டயபிடிஸ் கேர்' இதழில் வெளியானது. இன்சுலினுக்கு உடம்பு இணங்கும் தன்மை கூடியிருந்தது. மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. சுமார் அரை சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது. கொலஸ்ட்ரால் குறைந்தது. உடலின் நடுப்பகுதியிலும் கை கால்களிலும் தோலுக்கடியில் இருந்த கொழுப்பு குறைந்தது.

காரணம் எளிது. சாப்பிட்டதும் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். தசை சிறுத்தால் கிடங்கு சிறுக்கும். சரக்கு வெளியே தேங்கும். 30 வயதுக்கு மேல் பயிற்சி இல்லாத உடம்பு ஒவ்வொரு 10 வருடத்திலும் 3 முதல் 8 சதவீதம் தசையை இழக்கிறது. இது யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது.

2012ல் இந்திய நிபுணர்கள் வெளியிட்ட உடலுழைப்பு வழிகாட்டுதல் தினம் 60 நிமிடம் என்கிறது. அதில் குறைந்தது 30 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி, 15 நிமிடம் வேலையோடு சேர்ந்த நடமாட்டம், 15 நிமிடம் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. லோதி தோட்டத்து நடைக்காரர்கள் முதல் பகுதியைத் தவறாமல் செய்கிறார்கள். கடைசி 15 நிமிடம்தான் விட்டுப்போகிறது.

ஒரு விஷயத்தில் ஏமாறாமல் இருக்க வேண்டும். எடை தூக்கினால் கொழுப்பு கற்பூரமாக எரிந்துவிடும் என்று சில ஜிம்கள் விளம்பரம் செய்கின்றன. கணக்கு அப்படி இல்லை. 70 கிலோ உள்ளவர் அரைமணி நேரம் சாதாரணமாக எடைப் பயிற்சி செய்தால் செலவாவது சுமார் 120 கலோரி. அரைமணி வேகநடையில் சுமார் 150. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளொன்றுக்கு எரிப்பது 13 கலோரி அளவுதான். ஆக, கொழுப்பைக் கரைப்பது முக்கியமாகச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு; நடை அதற்குத் துணை. எடைப் பயிற்சியின் வேலை வேறு. கரைவது தசையாக இல்லாமல் கொழுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. 2025ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எடை குறைப்பு ஊசிகளுக்கும் இது பொருந்தும். அவற்றால் இறங்கும் எடையிலும் ஒரு பகுதி தசைதான்; ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் எடைப் பயிற்சி அவசியம்.

மல்யுத்தக் கூடத்துப் பாடம்

தில்லிக்கு இது புதிதல்ல. சப்ஜி மண்டி பக்கம் பழைய பிர்லா மில் அருகே குரு ஹனுமான் நடத்திய மல்யுத்தக் கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வாலிபர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார்கள். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற சத்பால், 1978லும் 1986லும் ஆசியத் தங்கம் வென்ற கர்தார் சிங் ஆகியோர் இங்கே உருவானவர்கள். குரு ஹனுமான் 1999ல் காலமானார். தமிழ்நாட்டின் தாலீம் கூடங்களிலும் இதே தண்டால், இதே பஸ்கி, கூடவே கரலாக்கட்டை.

இந்தக் கூடங்களில் புதிதாகச் சேர்ந்த பையன் கையில் முதல் நாளே கனமான கதையைக் கொடுப்பதில்லை. மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதும் கொஞ்சமாகத் தண்டால் எடுப்பதும்தான் முதல் பாடம். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறும். இன்றைய உடற்பயிற்சி விஞ்ஞானம் 'படிப்படியாகச் சுமையைக் கூட்டுதல்' என்று சொல்வதும் இதைத்தான். 45 வயதில் ஆரம்பிப்பவருக்கும் இதுதான் முறை.

ஐந்தே அசைவுகள்

ஆரம்பத்துக்கு ஜிம் வேண்டியதில்லை. 6 அடிக்கு 6 அடி இடம், கை இல்லாத உறுதியான நாற்காலி ஒன்று, முதுகில் மாட்டும் பை, இரண்டு வாளி போதும். வாரத்தில் 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் 5 நிமிடம் இருந்த இடத்திலேயே நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

பஸ்கி: நாற்காலிக்கு முன்னால் நின்று, கைகளை முன்னே நீட்டி, மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். இறங்க 3 விநாடி. முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக்கூடாது. பாதம் முழுதும் தரையில் பதிந்திருக்கட்டும். சுலபமானதும் நாற்காலியை லேசாகத் தொட்டு எழுந்தால் போதும். பிறகு பையில் அரிசியோ புத்தகமோ போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

தண்டால்: எடுத்த எடுப்பில் தரையில் வேண்டாம். சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள். அடுத்து சமையல் மேடை, பிறகு கட்டில், கடைசியில் தரை. தலையிலிருந்து குதிகால் வரை உடம்பு பலகை மாதிரி நேராக இருக்க வேண்டும்.

இழுத்தல்: ஒரு கையை நாற்காலி மேல் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் 3 முதல் 5 கிலோ உள்ள பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். கிணற்றில் நீர் இறைத்த தலைமுறைக்கு இந்தத் தசைகள் தானாக வலுவாக இருந்தன. நாற்காலியில் கூன் போட்டு உட்காரும் நமக்கு இவைதான் முதலில் தளர்கின்றன.

குனிந்து எழுதல்: பையை இரண்டு கைகளாலும் தொடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். முதுகு வளையக்கூடாது. தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்ததும் நிமிருங்கள். காஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் காப்பாற்றுவது இந்த அசைவு.

சுமந்து நடத்தல்: இரண்டு வாளியிலும் சம அளவு தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு 30 விநாடி நடங்கள். 5 லிட்டர் என்றால் 5 கிலோ; தராசே வேண்டாம். தோள் இறங்கி, நெஞ்சு நிமிர்ந்திருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை. பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று. வாளி நடையை மட்டும் இரண்டு தடவை நடந்தால் போதும். எல்லாம் சேர்ந்து 35 நிமிடத்துக்குள் முடியும். நிறுத்தும்போது 'இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம்' என்று தோன்ற வேண்டும். மூச்சை அடக்காதீர்கள். தூக்கும்போது வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். இரண்டு சுற்றிலும் 12 முறை சிரமமில்லாமல் வந்தால் அடுத்த வாரம் எடையை அரைக் கிலோவோ ஒரு கிலோவோ கூட்டுங்கள். கூட்டாமல் அதே எடையை வருடம் முழுக்கத் தூக்கினால் உடம்பு அதற்குப் பழகி முன்னேறாமல் நின்றுவிடும்.

ஆரம்பித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும். இது இரண்டு மூன்று நாளில் போகிற வலி, பயப்பட வேண்டாம். மூட்டில் குத்தும் வலி வேறு. அது வந்தால் அந்த அசைவை நிறுத்திவிட வேண்டும். முதல் சில வாரங்களில் பலம் கூடும், தசை பெருத்திருக்காது. நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்ளும் காலம் இது. தசையில் நீர் சேர்வதால் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ கூடினாலும் கூடும். பலர் மனமுடைந்து விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

பெண்களின் பயம்

எடை தூக்கினால் ஆண் மாதிரி புஜம் புடைத்துவிடும் என்று பெண்கள் தயங்குகிறார்கள். தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களைவிட மிகவும் குறைவு. கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். 2021ல் தில்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக நியமிக்கப்பட்டவரும் அவரே. ஒலிம்பிக்கில் அவர் போட்டியிட்டது 69 கிலோ எடைப் பிரிவில். பல வருடக் கடும் பயிற்சியின் விளைவு அது. வாரம் மூன்று நாள் 5 கிலோ தூக்கும் குடும்பத் தலைவிக்குக் கிடைப்பது வேறு: உறுதியான கை, வலி குறைந்த முதுகு. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேய்வது வேகமாகும் வயதில் எலும்புக்கும் இது பலம்.

தட்டில் என்ன இருக்கிறது?

தசைக்குக் கல்லும் மண்ணும் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம். 65 கிலோ உள்ளவருக்கு 54 கிராம். எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்பவர் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் சாப்பிடுவது நல்லது. இரண்டு இட்லியும் சட்னியும், மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தயிர் சாதம் என்றால் இந்தக் கணக்கு எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் அளவு கிடைக்கும். சாதத்தை ஒரு கரண்டி குறைத்துப் பருப்பை ஒரு கரண்டி கூட்டுவதில் ஆரம்பிக்கலாம். டப்பா புரதப் பவுடரைத் தவிர்க்கும்படி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

'30 நாளில் 10 கிலோ' விளம்பரத்தையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. 10 கிலோ கொழுப்பை 30 நாளில் இழக்க தினம் 2,500 கலோரிக்கு மேல் குறைக்க வேண்டும். பலர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அவ்வளவு இருக்காது. அப்படியும் 10 கிலோ இறங்கினால், இறங்கியதில் நீரும் தசையும் நிறைய இருக்கும். வாரம் அரைக் கிலோ என்பது நியாயமான வேகம். அதற்கு தினம் 550 கலோரி குறைத்தால் போதும். வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் கட்டுக்கதை. கொழுப்பு எங்கிருந்து முதலில் போக வேண்டும் என்பதை உடம்புதான் தீர்மானிக்கிறது.

புகை மூட்டம் வரும்போது

தில்லிக்காரர்களுக்கு வீட்டுக்குள் செய்யும் இந்தப் பயிற்சியில் இன்னொரு லாபம் உண்டு. தீபாவளியை ஒட்டிக் காற்று கெட ஆரம்பித்தால் ஜனவரி வரை தொல்லைதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. அந்த நாட்களில் வெளியே வேகநடை போடுவது நுரையீரலுக்குள் விஷத்தை இழுப்பதற்குச் சமம். டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். நடையை மட்டுமே நம்பியவர்களின் பயிற்சி அத்தோடு நின்றுபோகிறது. குளிர்காலம் முடியும்போது இடுப்புச் சுற்றளவு ஏறியிருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் பஸ்கியும் தண்டாலும் எடுக்கலாம்; நிதானமாகச் செய்கிற பயிற்சி என்பதால் மூச்சும் அவ்வளவாக வாங்காது. இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் அன்றைக்கு ஓய்வு.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்? இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சர்க்கரையால் பாதிக்கப்பட்ட விழித்திரை ஆகியவை உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது, மயக்கம் வரலாம். பயிற்சியின் நடுவே நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

அளந்து பார்க்க டேப் போதும்

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? எடை இயந்திரத்தில் வாரம் ஒரு முறைக்கு மேல் ஏறாதீர்கள். தையற்காரர் டேப் ஒன்று வாங்கி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றளவை அளந்து குறித்து வையுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் கீழே இருக்க வேண்டும். நாட்டில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாக 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வு கண்டது. எடை அப்படியே இருந்து டேப்பில் 3 செ.மீ. குறைந்திருந்தால், கொழுப்பு போய்த் தசை வந்திருக்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் முருகனைப் பார்க்கப் போகும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், முழங்காலில் கை ஊன்றாமல் படியேற முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் எந்த மலைக்கோயில் இருக்கிறதோ அங்கே போகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஏறுங்கள். டேப் சொல்லாத செய்தியைக் கால்கள் சொல்லிவிடும்.